வாசகர் கொண்டுவந்த நீலக் குவளை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நானாகச் சேர்த்தது ஒரு வரிகூட இல்லை. மணியும் நிமிடமும் என் கைபேசியில் பதிவாகி இருக்கின்றன. நடுராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே ஒதுக்கியிருப்பேன். ஆனால் நடந்தது ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, பட்டப்பகல், மண்டையைப் பிளக்கும் வெயில்.

என் பெயர் வாலெர். டான்யூப் நதிக்கரை ஊரான ப்ரைலாவில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். இருபது வருடமாக மனிதர்களின் எலும்பைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறேன். பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் என்ன குடித்தாய் என்று கேட்கிற ரகம் நான். இனிமேல் அப்படிக் கேட்க மாட்டேன்.

எங்கள் ஊர் ஆண்கள் ஓய்வு கிடைத்தால் தூண்டிலோடு டான்யூப் கரைக்குப் போவார்கள். நான் வலைப்பூ தேடுவேன். பெரிய ஆட்கள் எழுதுபவை அல்ல. மூன்று பேர் படிக்கிற, அதில் ஒருவர் எழுதுபவரின் தங்கையாகவே இருக்கிற வலைப்பூக்கள். ஊர் ஊராகப் போய் ரயில் நிலைய பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடும் ஒருவர். பழைய அலாரம் கடிகாரங்களைப் பிரித்து மாட்டும் ஒருவர். பாசியை மட்டும் வரையும் ஓர் அம்மாள். ஒருவர் பக்கத்தின் அடியில் இன்னொருவர் பக்கத்துக்கு வழி இருக்கும். அதைப் பிடித்துப் போனால் வேறு ஒரு வீட்டின் சமையலறையில் போய் நிற்போம்.

கண்டுபிடித்ததை எல்லாம் என் பக்கத்தில் வரிசையாகப் போட்டு வைப்பேன். அந்தப் பட்டியலுக்கு ‘பக்கத்து வீடுகள்’ என்று பெயர் வைத்திருந்தேன்.

“அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்குறதுக்கு ஒரு பேரு வேற” என்பாள் என் மனைவி ஒதீலியா.

பட்டியலில் நான்காவது ஸம்ஃபிரா. வெங்காயத் தோல், வாதுமைக்காய் ஓடு, மாதுளைத் தோல் என்று குப்பைக்குப் போவதை எல்லாம் வேகவைத்துக் கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுவாள். எந்தத் தோலை எத்தனை நிமிடம் கொதிக்கவிட்டால் என்ன நிறம் வரும் என்று எழுதுவாள். பால்கனிக் கொடியில் நூல் காய்கிற படம் போடுவாள். அவள் சமையலறையில் எந்த ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். அவள் குடும்பப் பெயர் தெரியாது. ஊர் தெரியாது.

ஒருமுறை ஒரு பதிவின் கடைசியில் எழுதியிருந்தாள்: ‘இதை யாராவது படிக்கிறீர்களா என்று தெரியவில்லை. படித்தால், வணக்கம்.’

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் பதில் எழுதவில்லை. ஆறு வருடமாகப் படித்தும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜூன் மாதம், வியாழக்கிழமை. மாலை 5.20. வருடத்துக்கு ஒருமுறை பட்டியலைச் சுத்தம் செய்வேன். எழுதுவதை நிறுத்திவிட்டவர்களைக் கீழே தள்ளிவிடுவேன். அன்று மேலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் பெயர் சபின், பெஞ்சுக்காரர். கடைசிப் பதிவு போன ஜூனில். பெஞ்சைப் பற்றி இல்லை அது. ‘இன்று என் வீட்டுக்கு ஒரு வாசகர் வந்தார்! ஏழு வருடத்தில் முதல் வாசகர். பாவம், ஓடி வந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது. மூத்தோர் சனி அல்லவா, பொமானாக் குவளை கொண்டு வந்தார். குவளைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். விளிம்பு உடைந்திருப்பதால் ஒன்று குறைத்தேன். சீட்டில் சபின் என்று எழுதியிருந்தது. என் பெயர்தான்! சிரித்துவிட்டேன்.’

கீழே படம். நீல எனாமல் குவளை. நிறைய செர்ரிப் பழம். கைப்பிடியில் சிவப்பு நூலில் கட்டிய சீட்டு.

பொமானா எங்களுக்குப் புதிதில்லை. வருடத்தில் சில சனிக்கிழமைகள் மூத்தோருக்கு உரியவை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அக்கம்பக்கத்தாருக்குக் குவளையில் ஏதாவது போட்டுக் கொடுப்போம். இங்கே கொடுப்பது அங்கே அவருக்குப் போய்ச் சேரும். வாங்குபவர் நன்றி சொல்லக் கூடாது. ‘கடவுள் மன்னிக்கட்டும்’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் கொடுத்தது முடியும். வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நானும் சிரித்துக்கொண்டேதான் இரண்டாவது பெயரைத் திறந்தேன்.

ஹரலாம்பியே, சிபியு ஊரின் கடிகாரக்காரர். கடைசிப் பதிவு நவம்பர் முதல் சனிக்கிழமை. ‘காலையில் ஒரு வாசகர் வந்தார். நம்மையும் ஒருவர் படிக்கிறார்! மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. ஏதோ குழறினார். பொமானாக் குவளை கொடுத்தார். சீட்டில் ஹரலாம்பியே. இந்தக் காலத்தில் இந்தப் பெயரில் இன்னொருவரா? குவளை உறுதி. இதில் சுருள்வில்களைப் போட்டு வைப்பேன்.’

அதே நீலக் குவளை. செர்ரிப் பழம்.

நவம்பரில் செர்ரியா?

மூன்றாவது, எஃப்ரோசினா. சுச்சாவாப் பக்கம் பாசி வரைபவர். பிப்ரவரி மாதத்து மூத்தோர் சனி. ‘பனியில் ஒரு வாசகர் வந்தார். அவ்வளவு குளிரிலும் அவருக்கு வேர்த்திருந்தது. செர்ரி இலை பச்சையாக இருக்கிறது, எங்கே கிடைத்ததோ! என் பெயருள்ள யாரோ ஒரு ஆத்மாவுக்காகச் சாப்பிட்டேன்.’

படத்தைப் பெரிதாக்கினேன். கைப்பிடிக்கு இடப்பக்கம் விளிம்பில் பிறை வடிவில் ஒரு சிதைவு. சபின் படத்தைத் திறந்தேன். அதே இடம். ஹரலாம்பியே... அதே இடம்.

மூன்று ஊர். ஒரே குவளை.

மூன்று பேரும் அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை.

என் பட்டியலில் முதல் பெயர், இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். வரிசை மாறவில்லை. அடுத்தது நான்காவது. நாள்காட்டியைப் பார்த்தேன். கோடைகால மூத்தோர் சனிக்கு இன்னும் இரண்டு நாள்.

ஒதீலியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று படத்தையும் பார்த்தாள்.

“எனாமல் குவளைன்னா எல்லாம் அங்கதான் உடையும். நம்ம வீட்டுக் குவளையைப் போய்ப் பாரு.”

“மூணு பேரும் எழுதுறதை நிறுத்திட்டாங்களே?”

“அலுத்திருக்கும். எல்லாரும் உன்னை மாதிரியா? போய் ரொட்டி வாங்கிட்டு வா.”

ரொட்டி வாங்கப் போகவில்லை. ஸம்ஃபிராவுக்கு எழுதினேன். ‘சனிக்கிழமை யாராவது குவளை கொடுத்தால் வாங்காதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.’ ஆறு வருடத்தில் நான் எழுதிய முதல் வார்த்தை அதுதான். படித்துப் பார்த்தேன். கிறுக்கன் எழுதியது மாதிரி இருந்தது. இன்னும் மூன்று முறை, கொஞ்சம் பதமாக எழுதினேன். நான்கும் அவள் வலைப்பக்கத்தில் வரவில்லை. அவள் பார்த்து அனுமதித்தால்தான் வரும் போல.

பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கினேன். வெள்ளிக்கிழமை காலை 6.40க்குப் பார்த்தேன். நான்காவது இடத்தில் இருந்தாள். மறுபடி நீக்கினேன். மதியம் பார்த்தேன். இருந்தாள்.

“சேமிக்க மறந்திருப்பே” என்றாள் ஒதீலியா.

வெள்ளிக்கிழமை முழுவதும், எலும்பு முறிந்து வந்தவர்களுக்கு நடுவே, ஸம்ஃபிராவின் படங்களையே பார்த்தேன். பதினோரு வருடப் படங்கள். ஒரு தெருப் பெயர் இல்லை. ஒரு கடைப் பலகை இல்லை. நூல், பானை, கை, மறுபடி நூல். ஒருவரை இவ்வளவு தெரிந்தும் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் இருக்க முடியும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. போலீசுக்குப் போய் என்ன சொல்வது? குவளை வருகிறது என்றா?

சனிக்கிழமை மதியம் 1.50. சாயம் ஏறாமல் பாழாய்ப்போன ஒரு பச்சை நூலின் படம். பால்கனி. கொடி. கொடிக்குப் பின்னால், ஓரத்தில், புகைபோக்கியின் நுனி. அதில் இரண்டு சிவப்புப் பட்டை. கீழ்ப்பட்டை பாதி உரிந்திருந்தது.

அந்தப் புகைபோக்கியை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிறது.

அவள் எங்கள் ஊர்க்காரி. பேருந்தில் பதினைந்து நிமிடம்.

“எங்க ஓடுற? சாப்பாடு ஆறுது!” ஒதீலியா கத்தியது படியில் கேட்டது.

2.08க்குப் பேருந்து. 2.24க்கு இறங்கினேன். புகைபோக்கி எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்புறம்தான் தெருவைப் பார்த்தேன்.

எங்கே பார்த்தாலும் குவளை. மூத்தோர் சனி இல்லையா? கறுப்புத் தலைத்துணி கட்டிய பெண்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் கூடை. கூடையில் குவளை, மெழுகுவர்த்தி, ரொட்டி. நீலம், வெள்ளை, மண் நிறம். இவர்களில் யாரை நிறுத்துவது?

2.31. படத்தில் பார்த்த பால்கனி. ஐந்தாவது மாடியில் மஞ்சள் நூல் காய்ந்துகொண்டிருந்தது.

கீழே வாசல் பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூடை. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார் போல. கூடையில் ஒன்றுதான் மிச்சம்.

“அம்மா, அஞ்சாவது மாடியில நூல் காயப்போடுறவங்க...”

“ஸம்ஃபிராவா? வீட்லதான் இருக்கா. கதவு நம்பர் பத்தொன்பது.”

“மேல யாராவது போனாங்களா? குவளை எடுத்துக்கிட்டு?”

“ஒருத்தரும் போகலையே.”

உயிர் திரும்பி வந்தது. நான் முந்திவிட்டேன். வாசல் கதவைத் தள்ளினேன்.

“தம்பி, இதை வாங்கிட்டுப் போ.”

“அவசரம்மா.”

“செத்தவங்களை வேண்டாம்னா சொல்லுவே?”

வெள்ளைத் துணி மூடியிருந்தது. கையில் வாங்கினேன். “கடவுள் மன்னிக்கட்டும்” என்றேன். அந்த அம்மாள் ஒரு பெயரைச் சொன்னார். நான் பாதிப் படியில் இருந்தேன். பெயர் காதில் விழவில்லை.

எப்படி வாங்கினாய் என்று ஒதீலியா பிற்பாடு நூறு தடவை கேட்டாள். அவளும் வாங்கியிருப்பாள். எங்கள் ஊரில் பிறந்த எவனும் வாங்கியிருப்பான். மூன்று வயதிலிருந்து பழகிய கை. நான் எதிர்பார்த்தது ஸம்ஃபிராவின் கதவுக்கு வரப்போகிற குவளையை. என் கையில் இருப்பதை நான் பார்க்கவே இல்லை.

படி ஏறினேன். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது. நான்காம் மாடியில் சட்டை முதுகில் ஒட்டியது.

2.38. பத்தொன்பது. தட்டினேன்.

திறந்தாள். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். குட்டை முடி. முழங்கை வரை மஞ்சள். நான் ஆறு வருடமாகப் பார்த்த கைகள். உயிரோடு இருந்தாள்.

“யாரு வேணும்?”

“நீங்க... ஸம்ஃபிரா? வெங்காயத் தோல் சாயம்...”

மஞ்சள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“படிக்கிறீங்களா? நிஜமாவே படிக்கிறீங்களா?”

“ஆறு வருஷமா.”

“ஆறு வருஷமா! ஒரு வார்த்தை எழுதினா என்ன மனுஷா, கை தேஞ்சா போயிடும்?”

“எழுதினேன். வியாழக்கிழமை. நாலு தடவை.”

“நான் ஞாயித்துக்கிழமைதான் பாப்பேன்.” சிரித்தாள். அழப்போகிறவள் மாதிரியும் இருந்தது. “முதல் ஆளு நீங்க. தெரியுமா? முதல் ஆளு.”

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒரே ஒரு ஆள் படித்ததற்கு அவ்வளவு சந்தோஷம். அப்போதே திரும்பி ஓடியிருக்க வேண்டும்.

“எனக்கா?” என்றாள், என் கையைப் பார்த்து.

நானும் பார்த்தேன்.

துணி ஒரு பக்கம் நழுவியிருந்தது. உள்ளே நீலம்.

“வேண்டாம்” என்றேன். “வாங்காதீங்க. ஸம்ஃபிரா, வாங்காதீங்க...”

என் வாய் அதைத்தான் சொன்னது. என் கை நீண்டது.

நான் நீட்டவில்லை. எந்தச் சாமி மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். கை தானாக நீண்டது... பின்னால் இழுத்தேன்... அது வரவில்லை.

“கடவுள் மன்னிக்கட்டும்” என்றாள். வாங்கிக்கொண்டாள்.

துணியை எடுத்தாள். செர்ரி. சிவப்பு நூல். கைப்பிடிக்கு இடப்பக்கம் பிறை வடிவச் சிதைவு. சீட்டைத் திருப்பிப் படித்தாள்.

“அட, என் பேரு! இந்தப் பேருக்கு இந்த ஊர்ல நான் ஒருத்திதான்னு நினைச்சேன்.”

உள்ளே அடுப்பில் ஏதோ பொங்கிச் சீறியது.

“ஐயோ என் பானை! இருங்க, ஒரே நிமிஷம்.”

குவளையோடு உள்ளே ஓடினாள். பால்கனிப் பக்கமிருந்து காற்று வந்தது. கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

2.41.

தட்டினேன். “ஸம்ஃபிரா! கதவைத் திறங்க! அதைக் கீழ வைங்க!”

அடுப்பு அணைக்கும் சத்தம். டக்.

அப்புறம் அவள் குரல். கதவுக்கு அந்தப் பக்கம், தெளிவாக.

“உக்காருங்க. எவ்வளவு நேரம் நின்னுகிட்டே இருப்பீங்க?”

யாரிடம்?

நாற்காலி இழுபட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

“தண்ணி குடிங்க. எப்படி வேர்த்திருக்கு பாருங்க.”

ஓர் ஆண் பேசினான். தாழ்ந்த குரல். என்ன சொன்னான் என்று புரியவில்லை. எங்கோ கேட்ட குரல் மாதிரி இருந்தது... யாருடையது என்று பிடிபடவில்லை.

அவள் சிரித்தாள்.

நான் தோளால் இடித்தேன். கதவு அசையவில்லை. மறுபடி இடித்தேன். எதிர்க் கதவு திறந்தது. பனியன் போட்ட ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா கலாட்டா? யாரு நீ?”

“உள்ள யாரோ இருக்கான்! உடைங்க! அண்ணே, வந்து உடைங்க!”

“அவ தனியா இருக்கிறவ.”

“கேளுங்க!”

அவர் கதவில் காதை வைத்தார். நானும் வைத்தேன்.

கரண்டி குவளையில் படும் சத்தம். செர்ரிக் கொட்டை தட்டில் விழும் சத்தம்.

டிக்.

டிக்.

“ஆமா, ரெண்டு பேரு பேசுறாங்க” என்றார் பெரியவர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

டிக்...

பிறகு ஒன்றும் இல்லை.

2.49.

2.52க்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். 3.15க்கு வந்தார்கள். 3.31க்குத்தான் தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்தார்கள். ஐம்பது நிமிடம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன். மூச்சு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவன். ஒரு அங்குல மரத்துக்கு இந்தப் பக்கம் சும்மா நின்றேன்.

சமையலறை மேசையில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தூங்குவது மாதிரி. எதிர் நாற்காலி வெளியே இழுத்துப் போட்டிருந்தது. வேறு யாரும் இல்லை. வேறு வழியும் இல்லை. ஐந்தாவது மாடி.

குவளை காலியாக இருந்தது.

இதயம் என்றார்கள். போலீசார் என்னை இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். பெரியவர்தான் என்னைக் காப்பாற்றினார். நான் வெளியில் அவர் பக்கத்தில் நின்றதாகவும், உள்ளே ஆண் குரல் கேட்டதாகவும் சொன்னார். உள்ளே ஆள் இல்லாததால் அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

இறங்கி வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. அந்த அம்மாளை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து 7.10க்கு ஸம்ஃபிராவின் பக்கத்தைத் திறந்தேன். புதிய பதிவு. நேரம், மதியம் 2.47.

‘இன்று என் வீட்டுக்கு ஒரு வாசகர் வந்தார்! பதினோரு வருடத்தில் முதல் வாசகர். பாவம், படி ஏறி மூச்சு வாங்கியது. குவளையில் என் பெயர். உட்கார வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது எதிரேதான் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.’

ஒதீலியாவுக்குப் படித்துக் காட்டினேன். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நான் குழந்தை மாதிரி அழுதேன்.

பட்டியலை மொத்தமாக அழித்தேன். இரண்டு நாளில் திரும்ப வந்தது. ஐந்தாவது இடத்தில் ஒருவர் இருக்கிறார். க்ரயோவாவில் பள்ளிக்கூட வாத்தியார். நத்தை வளர்க்கிறார், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து எழுதுகிறார். நவம்பர் மூத்தோர் சனிக்கு முன் அவரைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு, மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் வந்தவன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆளைத் தெரிந்தால் அடையாளம் சொல்லி எச்சரிக்கலாம்.

தேடிப் பிடித்தேன். சிபியு ஹரலாம்பியேயின் மகள் பெயர் தோம்னிகா. அப்பா அந்த நவம்பர் சனிக்கிழமையே, மேசையில் தலை சாய்த்து இறந்ததாக எழுதினாள். வந்தவனை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அப்பா பழுது பார்த்த கடிகாரத்தின் மணியோசையைப் பதிவு செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் அவன் வந்தானாம். அந்தப் பதிவு கைபேசியில் அப்படியே இருக்கிறது என்றாள். இரண்டு வாரம் கழித்து அனுப்பினாள். பத்தொன்பது விநாடி. காலை 11.06.

நேற்று மாலை மேசையில் வைத்துச் சத்தமாக ஓடவிட்டேன். கடிகாரங்களின் டிக் டிக். கதவு திறக்கும் சத்தம். ஒரு கிழவரின் குரல்: “யாரு? என்னைப் படிக்கிறீங்களா? நிஜமாவா?” பிறகு மூச்சு வாங்கும் ஓர் ஆண் குரல். “வேண்டாம்... வாங்காதீங்க... வாங்காதீங்க...” கொஞ்சம் இடைவெளி. அதே குரல், ரொம்ப அமைதியாக: “இந்தாங்க.”

எனக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. மறுபடி ஓடவிட்டேன். ஒதீலியா அடுப்பில் மிளகாய் வாட்டிக்கொண்டிருந்தவள், கரண்டியோடு வந்து கதவில் நின்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

“வாலெர்... நீ எப்ப சிபியு போனே?”

நான் சிபியு ஊரையே பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. இன்று போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். அன்று முப்பத்தொரு பேருக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். 11.06க்கும் ஒன்று எடுத்திருக்கிறேன். பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது.